மரமேடையும் பதின்மூன்று பேரும்

பொதுக்காலம் 3-ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு – இறைவார்த்தை ஞாயிறு
நெகேமியா 8:2-4அ, 5-6, 8-10. 1 கொரிந்தியர் 12:12-30. லூக்கா 1:1-4, 4:14-21



புதுச்சேரி காந்தி வீதி வழியாக வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். சண்டே மார்க்கெட் காலையிலேயே விரித்தாகிவிட்டது. ஒரு தம்பி ஸ்டூல்மேல் ஏறி நின்று, கையில் இரண்டு சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எது எடுத்தாலும் நூறு என்று தொண்டை கிழியக் கூவுகிறார். மைக் கிடையாது. யாரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. அங்கிருந்து பெரிய மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் சத்தம் வேறு மாதிரி. பூக்கடைப் பக்கம் முழக்கணக்கு, காய்கறிப் பக்கம் கூறு கட்டிக் கூப்பிடும் குரல், மீன் பக்கம் போனால் சொல்லவே வேண்டாம். வாய் இல்லாத ஊர் என்று நம் ஊரை யாரும் சொல்லிவிட முடியாது.

அந்த மீன் பக்கத்தில் நம் பங்கைச் சேர்ந்த ஓர் அம்மா கடை போட்டிருக்கிறார். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கு எனக்கு வஞ்சிரம் விலை ஏறிவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவருடைய அன்பியத்துக்கு வழிபாட்டு முறை வந்தபோது, விசுவாசிகள் மன்றாட்டில் ஒன்றை வாசிக்கச் சொன்னோம். நாலே நாலு வரி. வந்தார். மைக் அவருடைய நெற்றி உயரத்தில் இருந்தது. அதை இறக்கிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. "ஆண்டவரே" என்றார். அதற்கு மேல் வரவில்லை. கையிலிருந்த தாள் ஆடுகிற ஆட்டம் எனக்குப் பீடத்திலிருந்தே தெரிந்தது. யாரோ பின்னால் லேசாகச் சிரித்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிகாரத்தைப் பார்த்தேன். அடுத்த பூசைக்கு நேரமாகிறதே என்ற கவலை எனக்கு. அந்த அம்மா தாளை நாலாக, எட்டாக மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

பூசை முடிந்ததும் சக்கிரீஸ்து வாசலில் நின்று கேட்டார்: "சாமி, மார்க்கெட்டுல அத்தன பேரு நடுவுல கத்துறேன். இங்க மட்டும் ஏன் வாய் வரல?"

"பழகினா வந்துடும்மா" என்றேன். அது தப்பான பதில். இன்றைய வாசகங்களைத் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான் எவ்வளவு தப்பு என்று எனக்கே உறைத்தது.

முதல் வாசகத்தைப் பாருங்கள். எருசலேமில் தண்ணீர் வாயிலுக்கு எதிரே உள்ள திறந்தவெளி. கோவில் வளாகம்கூட இல்லை. ஊர் கூடுகிற இடம், நம் நேரு வீதி முனை மாதிரி. நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்த மக்கள் ஆணும் பெண்ணுமாக, கேட்டுப் புரிந்துகொள்ளக் கூடிய எல்லாரும் கூடியிருக்கிறார்கள். எஸ்ரா திருச்சட்ட நூலைக் கொண்டுவருகிறார். விடிந்ததிலிருந்து நடுப்பகல்வரை வாசிக்கிறார். அதற்கென்றே ஒரு மரமேடை செய்து வைத்திருந்தார்களாம். அந்த மேடையைப் பற்றி நெகேமியா சொன்னதில் பாதிதான் இன்று உங்கள் காதில் விழுந்தது.

ஏன் பாதி? வாசக நூலைத் தொகுத்தவர்கள் நாலாம் வசனத்தை நடுவில் வெட்டிவிட்டார்கள். வெட்டிய பகுதியில் இருப்பது பெயர்கள். எஸ்ராவின் வலப்பக்கத்தில் ஆறு பேர், இடப்பக்கத்தில் ஏழு பேர், ஆகப் பதின்மூன்று பேர் அந்த மேடையில் அவரோடு நின்றார்கள் என்று ஒவ்வொருவராகப் பேர் சொல்லி எழுதியிருக்கிறது. ஒரே ஒரு பெயரை மட்டும் சொல்லிப் பார்க்கிறேன், அஸ்பதானா. வாசகர் பாவம் என்று இரக்கப்பட்டு நீக்கியிருப்பார்கள் போலிருக்கிறது. ஏழாம் வசனமும் இல்லை. அதில் இன்னொரு பட்டியல்: மக்கள் நடுவில் நின்று, வாசித்ததை விளக்கிச் சொன்ன லேவியர்கள்.

இந்தப் பதின்மூன்று பேரும் அங்கே என்ன செய்தார்கள் என்று விவிலியம் சொல்லவில்லை. அவர்கள் பேசியதாகவும் இல்லை. சும்மா நின்றார்கள். ஆனால் அரை நாள் முழுக்க ஒரு மனிதர் ஊர் முன்னால் நின்று வாசிக்கிறார் என்றால், பக்கத்தில் நிற்கிற ஆள் எவ்வளவு பெரிய பலம்! நம் அம்மா அன்றைக்கு மைக் முன்னால் நின்றபோது வலப்பக்கம் யார் இருந்தார்கள்? இடப்பக்கம் யார்? ஒருவரும் இல்லை. எதிரில் நாம் இருந்தோம், வேடிக்கை பார்க்க.

மார்க்கெட்டில் அவர் கூவும்போது எதிரில் நிற்பவர் அவரிடமிருந்து ஒன்றை எதிர்பார்த்து நிற்கிறார். விலை என்ன, மீன் இன்றைக்குப் பிடித்ததா, வெட்டித் தருவீர்களா என்று காதைக் கொடுத்து நிற்கிறார். இங்கே நாம் அவரிடமிருந்து எதையும் எதிர்பார்க்கவில்லை, சீக்கிரம் முடித்தால் சரி என்பதைத் தவிர. கேட்க ஆள் இல்லாத இடத்தில் எந்த வாயும் வராது. அந்த அம்மாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

இன்று நம் பங்கின் பேச்சுப் பயிற்சிக் குழுவில் எட்டுப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள். முன்வரிசையில் இருக்கிறார்கள், வியர்த்துக்கொண்டிருப்பதிலிருந்தே தெரியும். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் மூவர், கூச்சத்தினாலேயே நேர்காணலில் இரண்டு முறை தோற்ற ஒரு தம்பி, ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், ஜவுளிக்கடையில் நிற்கிற இரண்டு தங்கைகள், எட்டாவதாக, நான் பேர் சொல்லாத அந்த அம்மா.

பேசப் பழகுவதற்கு ஒரு குழு எதற்கு என்று சிலர் கேட்கிறீர்கள். இது நாம் கண்டுபிடித்த காரியம் அல்ல. 1924 அக்டோபர் 22-ஆம் தேதி, கலிஃபோர்னியாவின் சாந்தா அனா ஊரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் சில ஆண்களைச் சேர்த்துவைத்து ஆரம்பித்ததுதான் இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிற டோஸ்ட்மாஸ்டர்ஸ். சிங்கப்பூரில் தமிழிலேயே நடக்கிற மன்றங்கள் இருக்கின்றன. நம் குழுவும் அந்த முறையைத்தான் பார்த்து எடுத்துக்கொண்டது. அங்கே ஒருவர் பேசினால் மற்றவர்கள் சும்மா இருப்பதில்லை. ஒருவர் நேரம் பார்ப்பார். பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை காட்டுவார். ஒருவர், பேசுகிறவர் எத்தனை முறை "வந்து…", "அதாவது…", "ஆ…" என்று இழுத்தார் என்று எண்ணுவார். ஒருவர் மொழியைக் கவனிப்பார். ஒருவர் கடைசியில் எழுந்து எது நன்றாக இருந்தது, எதைத் திருத்தலாம் என்று சொல்வார். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு வாய்க்கு எத்தனை காது! பேச்சு மன்றம் என்று பேர் வைத்திருக்கிறார்களே தவிர, அங்கே நடப்பதில் முக்கால்வாசி கேட்பதுதான்.

புதிதாகச் சேர்கிறவருக்கு அனுபவமுள்ள ஒருவரைத் துணையாகக் கொடுப்பார்கள். நமக்கு இது புதுசா? திருமுழுக்குக்கு ஞானத்தாய், ஞானத்தந்தை கொடுக்கிற சபை இது. அந்தத் திருமுழுக்குச் சடங்கில் 'எப்பத்தா' என்றொரு பகுதி உண்டு; பல பேர் அந்த நேரத்தில் போட்டோகிராபரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். குருவானவர் கட்டைவிரலால் குழந்தையின் காதை முதலில் தொடுவார். பிறகு வாயை. மாற்கு நற்செய்தியில் காது கேளாத, திக்கிப் பேசுகிற மனிதருக்கு ஆண்டவர் செய்ததும் அதே வரிசைதான்; காதில் விரல், அப்புறம் நாவு. அதற்கும் முன்னால் ஒன்று செய்தார். அவரைக் கூட்டத்திலிருந்து தனியாக அழைத்துப் போனார். ஊர் முழுக்கப் பார்க்க நடுவில் நிற்கவைத்துப் பேசு என்று சொல்லவில்லை. நாங்கள் அந்த அம்மாவுக்குச் செய்ததற்கு நேர் எதிர்.

வரவேற்பு என்றால் சந்தனமும் பன்னீரும் தெளித்து உட்காரவைப்பது என்று நினைக்கிறோம். யாரை வரவேற்கவில்லை என்று பார்த்தால்தான் நம் வரவேற்பின் லட்சணம் தெரியும். ஸ்மெட்லியின் மன்றத்தில் வெகுகாலம் பெண்களைச் சேர்க்கவில்லை. 1970-இல் ஹெலன் பிளான்சர்ட் என்கிற பெண்ணை அவருடைய மன்றத்துக்காரர்கள் 'ஹோமர்' என்று ஆண் பெயர் கொடுத்துப் பதிவு செய்து உள்ளே சேர்த்தார்கள். விதி மாறியது 1973-இல். அதே ஹெலன் 1985-இல் அந்த அமைப்பு முழுவதற்கும் தலைவரானார். கேட்கச் சுவையாக இருக்கிறது இல்லையா? சிரிக்க வேண்டாம். நம் வீட்டுக் கதையும் ஒன்று இருக்கிறது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1972-இல் வாசகர் பணியைப் பொதுநிலையினருக்குத் திறந்துவிட்டார், ஆண்களுக்கு மட்டும். ஞாயிறுதோறும் நம் அக்கா தங்கைகள்தான் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். ஆனால் அந்தப் பணி சட்டப்படி அவர்களுக்கு உரியதாக ஆனது திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஜனவரியில் திருச்சபைச் சட்டம் 230-ஐத் திருத்திய பிறகு. இடையில் நாற்பத்தெட்டு வருஷத்துக்கு மேல். மன்றத்துக்காரர்கள் நம்மைவிட வேகம்.

இந்த ஊர்க் கதை இன்னும் பழசு. பெரிய மார்க்கெட் பக்கத்திலேயே ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துப்ளெக்சுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆனால் நம்மைப் பற்றி, நாம் எழுதிவைக்க விரும்பாத ஒன்றை எழுதிவைத்துவிட்டுப் போனார். 1745 அக்டோபர். புதுச்சேரியில் கோவிலுக்கு உள்ளேயே ஒரு சுவர். சுவருக்கு ஒரு பக்கம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள். மறுபக்கம் சாதிக்காரர்களும் வெள்ளைக்காரர்களும். நற்கருணை ஒன்று, கோவில் ஒன்று, நடுவில் சுவர். ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கத்தவர்கள் திரண்டு மூத்த குருவிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எங்களை ஏன் தள்ளி வைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் காதுகொடுத்துக் கேட்டார். சுவரை இடித்தார்கள்.

உடனே மறுபக்கத்திலிருந்து எதிர்ப்பு கிளம்பியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுவர் போனாலும் பிரிவினை போக வெகுகாலம் ஆயிற்று. முழுக்கப் போய்விட்டதா என்பதை நம் கல்யாணப் பேச்சுகளைக் கேட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்கு அந்தக் குறிப்பில் நெஞ்சைத் தொடுவது வேறு. அன்றைக்குக் குருவின் முன்னால் வாயைத் திறந்து முதல் வாக்கியத்தைச் சொன்னவர் ஒருவர் இருந்திருப்பார் அல்லவா? அவருக்கு நாக்கு உலர்ந்திருக்கும். கால் நடுங்கியிருக்கும். அவருக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் ஆட்கள் நின்றார்கள். எஸ்ராவுக்கு நின்றதுபோல.

பவுல் இரண்டாம் வாசகத்தில் சொல்வதை இங்கே கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். நான் கண் இல்லை, அதனால் இந்த உடலைச் சேர்ந்தவன் இல்லை என்று காது ஒதுங்கிப் போக முடியாது என்கிறார். உடல் முழுக்கக் கண்ணாகவே இருந்தால் கேட்பது எப்படி என்கிறார். நம் ஊரில் சம்பா கோவில் என்று சொல்கிறோமே, அது புனித பவுலின் பெயர் மக்கள் வாயில் தேய்ந்து வந்ததுதான். அந்தப் பவுல் பெரிய பேச்சாளர் என்றா நினைக்கிறீர்கள்? கொரிந்தில் இருந்தவர்கள், கடிதம் எழுதினால் பலமாக எழுதுகிறார், நேரில் வந்து பேசினால் ஒன்றும் தேறாது என்று குறை சொன்னார்கள். அவரே அதைத் தன் இரண்டாம் மடலில் எழுதுகிறார். துரோவாவில் நள்ளிரவுவரை பேசிக்கொண்டே போனதில், ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்துவிட்டார். பவுல் இறங்கிப் போய் அவரை உயிரோடு மீட்டுக் கொடுத்தார், பிறகு மேலே வந்து விடியும்வரை திரும்பவும் பேசினார். ஆகவே புதியவர்களே, முதல் பேச்சு சொதப்பினால் கவலைப்படாதீர்கள். யாரும் மாடியிலிருந்து விழாதவரைக்கும் நீங்கள் பவுலைவிடத் தேவலை.

என் பேச்சுக்கும் வருகிறேன். முன்வரிசையில் நம் குழுவின் பாப்பா ஒருத்தி மூன்று அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூனில், மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்று சொன்னதை யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். மஞ்சள் காட்டி வெகுநேரம் ஆகிறது. கொஞ்சம் கொசுறு கொடம்மா.

நற்செய்திக்கு வருவோம். ஆண்டவர் தாம் வளர்ந்த நாசரேத்துக்கு வருகிறார். வழக்கம்போல ஓய்வுநாளில் தொழுகைக்கூடம் போகிறார். எழுந்து நிற்கிறார். எசாயாவின் சுருளேட்டைக் கொடுக்கிறார்கள். விரித்து, தேடி, ஏழைகளுக்கு நற்செய்தி என்கிற இடத்தைக் கண்டு, வாசிக்கிறார். சுருட்டி ஏவலரிடம் கொடுக்கிறார். உட்காருகிறார். லூக்கா ஒவ்வோர் அசைவையும் எழுதுகிறார்; வாசிக்கத் தெரிந்த ஒருவரை நேரில் பார்த்தவர் சொன்னதுபோல இருக்கிறது. எல்லாருடைய கண்ணும் அவர்மேல். பிறகு அவர் சொல்வது ஒரே வாக்கியம்: இந்த மறைநூல் வாக்கு இன்று நிறைவேறியது. எங்கே நிறைவேறியது? கேட்டுக்கொண்டிருந்தவர்களிடத்தில். மூலமொழியில் அந்தச் சொல் காதுகளைத்தான் குறிக்கிறது. தம்முடைய வாயில் நிறைவேறியது என்று ஆண்டவர் சொல்லவில்லை.

சொந்த ஊரில் அவர் பேசிய அந்தப் பேச்சு எப்படி முடிந்தது என்று லூக்கா அடுத்துச் சொல்கிறார். மலையுச்சிக்கு இழுத்துக்கொண்டு போய்த் தள்ளப் பார்த்தார்கள். கேட்கக் காது இல்லாத இடத்தில் அவருக்கே அந்தக் கதி.

வாசிக்க வருகிறவரைச் சபையிடம் எப்படி ஒப்படைப்பது என்பதற்கு ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. கார்த்தேஜ் நகரின் ஆயராக இருந்த புனித சிப்ரியான், சுமார் 250-ஆம் ஆண்டு, அவுரேலியுஸ் என்ற இளைஞரை வாசகராக ஏற்படுத்தினார். வேதகலாபனைக் காலம். ஆயர் ஊரில் இருக்க முடியவில்லை. மக்களுக்குக் கடிதம் எழுதினார். வயதில் சின்னவர், ஆனால் இரண்டு முறை பிடித்து வைத்து விசாரித்தபோதும் ஆண்டவரை மறுக்காதவர், அந்தக் குரல் வாசக மேடைக்குத் தகுதியானது என்பது கடிதத்தின் சாரம். உச்சரிப்பு எப்படி, ஏற்ற இறக்கம் எப்படி என்று அந்த ஆயர் எழுதவில்லை. இவர் எங்கே நின்று வந்தவர் என்று மட்டும் சொன்னார். இந்த எட்டுப் பேரையும் நான் அப்படித்தான் உங்களிடம் ஒப்படைக்கிறேன். நேர்காணலில் தோற்றும் மூன்றாம் முறை விண்ணப்பம் போட்டவர் அந்தத் தம்பி. விடியற்காலை எழுந்து துறைமுகத்தில் ஏலம் எடுத்து, கூடை சுமந்து, நாலு பிள்ளைகளைப் படிக்கவைத்தவர் அந்த அம்மா. அவர்கள் குரலில் இதெல்லாம் இருக்கும், கேட்டால் தெரியும்.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. வள்ளுவர் சொல்வன்மை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். கற்றதைப் பிறருக்குப் புரியும்படி விரித்துச் சொல்ல முடியாதவரை, கொத்தாகப் பூத்தும் மணக்காத பூவுக்கு ஒப்பிடுகிறார். மார்க்கெட்டில் அப்படிப் பூ உண்டு. அலங்காரத்துக்கு வாங்குவார்கள், தலையில் வைக்க வாங்கமாட்டார்கள். படித்ததை உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அளந்து கொடுங்கள். கையை நீட்டி முழம் போடுகிற பூக்காரம்மா மாதிரி, குறைக்கவும் வேண்டாம், என்னைப் போல இழுக்கவும் வேண்டாம்.

மற்ற எல்லாருக்கும் சொல்வது இது. கடை திறந்ததும் முதல் வியாபாரத்தைப் போணி என்போம். போணி பண்ண வருகிறவர் பேரம் பேசமாட்டார், முகத்தைச் சுளிக்கமாட்டார். நல்ல கையாக இருக்க வேண்டும் என்று கடைக்காரர் எதிர்பார்த்திருப்பார். இவர்களுடைய முதல் பேச்சு போணி. அங்கே வந்து திருத்தம் சொல்லாதீர்கள், இன்னும் நல்லா பேசியிருக்கலாம் என்று உச்சுக்கொட்டாதீர்கள். எட்டுப் பேருக்கும் துணையாகக் குழுவிலிருந்து எட்டுப் பேர் கொடுத்திருக்கிறோம். எஸ்ராவின் மேடையில் பதின்மூன்று பேர் நின்றார்கள். நமக்கு இன்னும் ஆள் தேவை. பேசத் தெரியாது, பேசவும் விருப்பமில்லை என்பவர்களைத்தான் கூப்பிடுகிறேன்.

மைக்கின் உயரத்தை இறக்கிவைத்தாகிவிட்டது. நேற்று நானே ஸ்பேனர் கொண்டுவந்து சரிபண்ணினேன். இப்போது எட்டுப் பேரும் தங்கள் துணையோடு பீடத்தின் முன்னால் வாருங்கள், செபிப்போம். அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பங்கு மன்றத்தில் முதல் பேச்சு. பேசப்போவது மீன் கடை அம்மா. நாலு நிமிடம். செல்போனை அணைத்துவிட்டு வந்து, முன்வரிசையில் உட்காருங்கள்.